கேண்டிடேட் என்று பேர் வாங்கியவர்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் நின்று "கேண்டிடேட் கடை எது?" என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டுவார்கள். கருகிப்போன மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் புதுக் காயில் கட்டிக் கொடுக்கிற கடை அது. பலகையில் வேறு பெயர்தான் எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. சந்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி, கேண்டிடேட் என்பது ஏதோ மோட்டார் கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனி மிக்ஸிக்கு ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டாள். கடைக்காரர் சிரிக்கவில்லை. "ஸ்டாக் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார்.

கேண்டிடேட் என்ற பேர் வருவதற்கு முன்னால் அவர் வெறும் காயில்காரர்தான். அப்படி ஒரு அடைமொழி வந்ததற்கும் காரணம் உண்டு. மூன்று சந்து தள்ளி இருந்த வார்டு ஆஸ்பத்திரியின் கம்பவுண்டருக்கும் அவருக்கும் ஒரே பெயர். தலையெழுத்து மட்டும்தான் வேறு என்று கம்பவுண்டர் வேடிக்கையாகச் சொல்வார். ஒருவர் வீட்டுக்கு வரவேண்டிய சாமான் இன்னொருவர் வீட்டு வாசலில் இறங்கும். ஒருமுறை கம்பவுண்டர் வீட்டுக் கட்டில், காயில்காரர் வீட்டுக்குள் போய்ப் பூட்டி முடுக்கி மெத்தை விரிக்கிற வரைக்கும் வந்துவிட்டது. அதிலிருந்துதான் இரண்டு குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பழகியது. சாயங்காலமானால் கம்பவுண்டர் கடைக்கு வந்து, பழைய மோட்டார்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் வீட்டு மின்விசிறிக்கு காயில் போனால் இவர் கட்டிக் கொடுப்பார். இவர் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவர் ராத்திரி பகல் பார்க்காமல் வந்து நிற்பார். கணக்கு வழக்கு எதுவும் கிடையாது.

காயில்காரர் பேச்சுக் குறைந்த மனிதர். காலையில் கடையைத் திறந்தால், கருகின காயிலை உளியால் வெட்டி எடுத்து, பள்ளங்களைச் சுரண்டி, தாள் செருகி, புதுச் செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக இறக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பதற்குள் பொழுது போய்விடும். சட்டையில் வார்னிஷ் வாடை எந்த சோப்புக்கும் போகாது. நகரசபை அலுவலகத்தில் மின்விசிறிகள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அவர்தான் போய்க் கழற்றி வருவார். ஏணியில் ஏறுவார், இறங்குவார், கீழே சிந்தின தூசியைத் தானே கூட்டித் தள்ளிவிட்டு வருவார். அந்த அலுவலகத்தில் அவரை உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

வார்டு தேர்தல் வந்தது. பதவியில் இருந்தவர் ஒரு கான்ட்ராக்டர். வார்டு ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு அங்கே கடைகள் கட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அந்த வருஷம்தான் கம்பவுண்டர் ஓய்வு பெற்றிருந்தார். ஊசி போட்ட கை, கட்டுக் கட்டின கை என்று வார்டில் பாதிப் பேருக்கு அவர் மேல் பிரியம். அவர் நின்றால் கான்ட்ராக்டர் பாடு திண்டாட்டம்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கம்பவுண்டரோ வாயைத் திறக்காமல் இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கான்ட்ராக்டரின் மைத்துனர் காயில்காரர் கடைக்கு வந்தார். நல்ல சட்டையோடு, வார்னிஷ் சிந்தின பெஞ்சில் துடைக்காமலேயே உட்கார்ந்தார். தனக்கும் அத்தானுக்கும் இப்போது பேச்சுவார்த்தையே இல்லை என்றார். உழைக்கிற மனிதன் ஒருவன் மேலே வந்தால்தான் இந்தச் சந்துக்கு விடிவுகாலம் என்றார். காயில்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பவுண்டரைப் போய்ப் பாருங்களேன் என்றார். கேட்டாகிவிட்டது, அவர் உடம்புக்கு முடியாது என்று கையை விரித்துவிட்டார் என்று மைத்துனர் கூசாமல் பொய் சொன்னார். பிறகு எழுந்து காயில்காரரின் தோளில் கை வைத்தார்.

"அண்ணே, நீங்கதான் எங்க கேண்டிடேட்."

அந்த வார்த்தை அவருக்குள் எப்படி இறங்கியதென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இங்கிலீஷ் வார்த்தைதான், கேட்டறியாததும் இல்லை. ஆனால் அதுவரை அது சுவரொட்டியில் கும்பிட்டபடி இருக்கிறவர்களைப் பற்றிய வார்த்தை. அன்றைக்கு அது தோளில் கை வைத்ததுபோல் அவர் மேல் வந்து உட்கார்ந்தது. மனைவி அன்று சாயங்காலம், "உங்களைப் பாத்தா அவங்களுக்கு அப்படித் தோணுச்சாமா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏன், தோன்றக்கூடாதா என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கித் தந்தார்கள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டார். கடைசி நாளன்று கம்பவுண்டரும் மனுத் தாக்கல் செய்தார். மறுநாள் அலுவலக வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் ஒரே பெயர் மேலும் கீழுமாக இரண்டு தடவை இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து ஒரு ஆள் பேனாவால் ஒன்றை அடித்துக்கூட வைத்திருந்தான்.

கம்பவுண்டர் அன்றைக்குக் கடைக்கு வந்தார். பெட்டியைக் கவிழ்த்துப்போடவில்லை. நின்றபடியே பேசினார்.

"நிக்கணும்னு உங்களுக்கு ஆசையிருந்தா அது தப்பே இல்ல. ஆனா உங்களை நிறுத்தினது யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. உங்க கடைக்காக அவங்க வரல. உங்க பேருக்காக வந்தாங்க."

காயில்காரர் கையிலிருந்த கம்பியை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்று எண்ணிக்கை தவறிப்போனது அவருக்குத் தெரிந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

"அப்ப என்கிட்ட பேரைத் தவிர ஒண்ணும் இல்லைன்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லல. வாபஸ் வாங்கிடுங்கன்னு கேக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

கம்பவுண்டர் போய்விட்டார். வீட்டில் மனைவி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். மகளுக்குக் காய்ச்சல் அடித்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கா குழி பறிக்கிறீர்கள், விடிந்ததும் போய் வாபஸ் வாங்கிவிட்டு வாருங்கள் என்றாள். காயில்காரர் சரி என்றார். மனதாரத்தான் சொன்னார். ஏமாந்துவிட்டோம் என்பது அவருக்கு நன்றாகவே உறைத்திருந்தது.

காலையில் கிளம்பும்போது வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அலுவலகத்துக்குப் போகிறோமே என்பதால் போட்டுக்கொண்டதாகத்தான் பிற்பாடு மகளிடம் சொன்னார். நடையில் கூட்டம். அவர் வழக்கம்போல ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றார். மேலே அவர் காயில் கட்டின மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு குமாஸ்தா எட்டிப் பார்த்து, "கேண்டிடேட் யாராவது வெளிய நிக்கறீங்களா?" என்று கேட்டார். காயில்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். குமாஸ்தா அவரை அடையாளம் கண்டுகொண்டாரோ இல்லையோ, "உள்ள வாங்க சார், இப்படி உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் உட்கார்ந்தார். எத்தனையோ தரம் ஏணி போட்டு ஏறி இறங்கின அறை. கீழேயிருந்து பார்க்க அது வேறு அறை மாதிரி இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு அதிகாரி சார், சார் என்று பேசினார். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டபோது, வாபஸ் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்ன மறுநிமிஷமே இந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட வேண்டும். சொல்லவில்லை. சின்னம் எப்போது தருவீர்கள் என்று கேட்டார். பதில் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, கூட்டமாக இருந்தது, நேரம் முடிந்துவிட்டது என்றார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள்.

கம்பவுண்டருக்கு டார்ச் லைட் சின்னம் கிடைத்தது. இவருக்கு மேஜை விளக்கு. பிரசாரம் என்று மைத்துனர் ஒரு நாள் கூட்டிப்போனார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காயில்காரர் தனியாக இரண்டு சந்து நடந்து கும்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

கம்பவுண்டர் தோற்றார். பெரிய வித்தியாசமில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே வரிசையில் உட்காரக்கூடிய அளவு ஆட்கள் அந்தப் பக்கம் போட்டதற்குப் பதில் இந்தப் பக்கம் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். மேஜை விளக்குக்கு விழுந்திருந்த வாக்குகள் அதைப்போல் பல மடங்கு. காயில்காரருக்கு அன்று துக்கம் ஒருபுறம். மறுபுறம், நம்மையும் நினைத்து இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே என்ற ஒரு சின்னச் சந்தோஷம், வெட்கங்கெட்டுப்போய், உள்ளே இருக்கத்தான் செய்தது.

அதுவும் இரண்டு நாள்தான். தையல் வேலை பார்க்கிற வயதான அம்மா ஒருத்தி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"எனக்கு இங்கிலீஷும் தெரியாது, சின்னமும் சரியாத் தெரியலப்பா. பேரைப் படிச்சுப் பாத்துத்தான் குத்தினேன். அப்படியும் நம்ம கம்பவுண்டர் தோத்துட்டாரே."

எந்த விளக்கில் குத்தினீர்கள் என்று அவர் கேட்டார். மேஜையில நிக்கவச்ச விளக்கு என்றாள். அவர் மோட்டாரை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம், "நீ யாருக்குப் போட்டே?" என்று கேட்டார்.

"கம்பவுண்டருக்குத்தான்" என்றாள் அவள், சோற்றைப் பரிமாறியபடியே.

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியை இடித்தார்கள். கம்பவுண்டர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனார். அங்கே ஒரு மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. காயில்காரருக்குக் 'கேண்டிடேட்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. முதலில் குத்திக்காட்டத்தான் கூப்பிட்டார்கள். "வாங்க கேண்டிடேட், அடுத்தது எம்.பி.தானே?" என்பார்கள். நாளாக நாளாகக் குத்தல் போய், வார்த்தை மட்டும் மிச்சமாயிற்று. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. குத்தலாக இருந்தவரைக்கும், செய்ததற்கு அனுபவிக்கிறோம் என்று இருந்தது.

மகளைப் பள்ளிக்கூடத்தில் கேண்டிடேட் பொண்ணு என்றார்கள். அவள் பிடிவாதக்காரி. நூலகத்தில் தடியான அகராதியை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். பதவி கேட்டு நிற்பவனுக்கு அந்தப் பேர். பரீட்சை எழுதுகிறவனுக்கும் அதே பேர். இன்னதற்கு இவன் தகுந்தவன், இன்னது இவனுக்கு நடக்கக்கூடும் என்று தோன்றுகிற யாரையும் அப்படிச் சொல்லலாமாம். ஆதிகாலத்தில் எங்கேயோ ஒரு நாட்டில் பதவி கேட்டுப் போகிறவர்கள் சுண்ணாம்புத் தூள் தேய்த்த வெள்ளை உடை போட்டுக்கொள்வார்களாம். வெள்ளை உடுத்தினவன் என்பதுதான் முதல் அர்த்தமாம்.

"நம்மகிட்ட ஒரு கறையும் இல்லைன்னு காட்டிக்கவாம்பா" என்றாள்.

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "எனக்கு அவங்கதான் வாங்கிக் குடுத்தாங்க" என்றார்.

மகள் படித்து முடித்து வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது துணைக்குப் போனார். வாசலில் காவலாளி அவரைத் தடுத்து, கேண்டிடேட் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றான். மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தேர்வானாள். வேலை வெளியூரில். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் என்றானது.

அதற்கு அடுத்த வருஷம் மனைவிக்கு வயிற்றில் வலி. சூடு, வாயு என்று தானே வைத்தியம் பார்த்துத் தள்ளிப்போட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கட்டி கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. ஏற்கெனவே இதயமும் பலவீனம். எல்லாச் சோதனையும் முடிந்தபின் டாக்டர் அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, படங்களை ஒதுக்கி வைத்தார்.

"ஆபரேஷனுக்கு இவங்க நல்ல கேண்டிடேட் இல்ல சார்."

காயில்காரர் சட்டென்று நிமிர்ந்தார். ஒரு கணம் தன்னைத்தான் ஏதோ சொல்கிறாரோ என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கத்தி வைத்தால் உடம்பு தாங்காது, மேஜையிலேயே போய்விடக்கூடும், இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் முடியும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் அவர் மறைக்க நினைத்தார். மறைக்கத் தெரியாத மனிதர். டாக்டர் சொன்ன வார்த்தையோடு அப்படியே சொல்லிவிட்டார்.

அவள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "பாத்தீங்களா, என்னை நிக்கவே விட மாட்டேங்கறாங்க" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வலிக்குத் தினமும் சாயங்காலம் ஊசி போட வேண்டும். முன்பு என்றால் மூன்று சந்து தள்ளிக் கூட்டிப் போனால் போதும். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடையும் செருப்புக் கடையும் இருந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவளால் முடியாது. வீட்டுக்கு வந்து போடுகிற ஆள் யாரும் அகப்படவில்லை. காயில்காரர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனார்.

கம்பவுண்டர் நன்றாக நரைத்திருந்தார். கண்ணாடியைக் கீழே இறக்கி, வந்தவரைப் பார்த்தார். சீட்டை வாங்கிப் படித்தார். மருந்தின் பெயரைப் படித்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யாருக்கு?"

"வீட்ல."

கம்பவுண்டர் உள்ளே போய் மருந்தை எடுத்து ஒரு பையில் போட்டார். அதைக் காயில்காரர் கையில் கொடுக்காமல் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீங்க போங்க. கடையில என்னை மாத்திவிட ஆள் வந்ததும் நான் வரேன்" என்றார்.

அன்று முதல் தினமும் வந்தார். கையைக் கழுவிக்கொண்டு, ஊசி போட்டு, அந்த இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டு, அவளோடு இரண்டு வார்த்தை பேசுவார். அவரைப் பார்த்தாலே அவளுக்குப் பாதி வலி இறங்கிவிடும். அண்ணா, அண்ணா என்று உயிரை விடுவாள். கட்டில் தப்பி வந்த கதையைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். காயில்காரர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பார். கம்பவுண்டர் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூடப் போவார். போகும்போது இருவரும் பேசுவதில்லை.

ஒருநாள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காயில்காரர் பேசினார். எத்தனையோ வருஷமாக மனதுக்குள் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்திருந்ததை எங்கே தொடங்குவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அன்னைக்கு நான் வாபஸ் வாங்கத்தான் போனேன். நேரம் முடிஞ்சிருச்சுன்னு வீட்ல சொன்னது பொய். நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாங்க. எந்திரிக்க மனசு வரல."

கம்பவுண்டர் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கோபம் இருந்துச்சு. இப்பவும் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிய இடிச்சப்ப நான் ரோட்ல நின்னு அழுதேன். அது வேற. தங்கச்சிக்கு ஊசி போடறது வேற."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். மறுநாளும் வந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் இறந்துபோனாள். மகள் வந்து தலைமாட்டில் இருந்தாள். கடைசி வாரத்தில் மனைவி யாரோடும் அதிகம் பேசவில்லை. கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, சட்டையில் பொத்தான் இல்லை, தைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதுதான் தெளிவாகச் சொன்னது. கம்பவுண்டர் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நின்றார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது அவரும் மகளின் தலையைத் தடவிவிட்டுப் புறப்பட்டார். காயில்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

மகள் தன்னோடு வந்துவிடும்படி அழைத்தாள். கடை இருக்கிறதே என்றார். மகள் ஊருக்குப் போனபின் வீடு அவரை விழுங்கிவிடும் போலிருந்தது. சாயங்காலம் ஆனதும், ஊசி போடுகிற வேளைக்கு அவர் தன்னையறியாமல் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, வாளியில் தண்ணீர் எடுத்துவைத்து, சோப்பையும் துண்டையும் பக்கத்தில் வைப்பார். வைத்த பிறகுதான் இனி யாரும் வரப்போவதில்லை என்பது உறைக்கும். வருவதற்குக் கம்பவுண்டருக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? வேலை இருந்தது, வந்தார். முடிந்தது, போய்விட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போனார். மருந்துக் கடையில் கூட்டம் இருந்தது. எல்லோருக்கும் பின்னால் நின்று, தன் முறை வந்ததும் தலைவலி மாத்திரை கேட்டார். கம்பவுண்டர் எடுத்துக் கொடுத்தார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார். கொஞ்ச நாளாக என்றார் காயில்காரர். வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் அடுத்த ஆளின் சீட்டை வாங்கினார்.

அவருக்குத் தலைவலி எதுவும் இல்லை. மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றார். அங்கிருந்து பார்த்தால் கடை நன்றாகத் தெரிந்தது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார். அடுத்த வாரமும் போனார். இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.